குமுதா வந்த பிறகு விழுந்த பறவைகள்

அசாம் ஜாவா
14.9.2025

விமலன்,

போனை எடுக்கவில்லை என்று கோபப்பட வேண்டாம். நீங்கள் அழைக்கும்போதெல்லாம் பின்னால் அத்தையின் டிவி சத்தம் கேட்கிறது. அவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு "சாப்டியா, மாத்திரை போட்டியா" என்று கேட்டால் நான் என்ன பதில் சொல்வது? வாட்சாப்பில் பக்கம் பக்கமாக எழுதினால் ஒரு கட்டைவிரல் படம் வருகிறது. அதனால்தான் காகிதம். வீட்டுக்குப் போடாமல் உங்கள் கண்ணாடிக் கடை விலாசத்துக்குப் போடுகிறேன். நீங்களும் எழுதுங்கள். எழுதும்போதாவது யார் முகத்தையும் பார்த்துப் பேச்சை மாற்ற வேண்டியிருக்காது.

போன ஞாயிற்றுக்கிழமை நடந்ததை நீங்கள் மறந்திருந்தால் நான் சொல்கிறேன். காலையில் முன்பக்கக் கண்ணாடியில் டொப்பென்று சத்தம். ஒரு பச்சைப் புறா வாசலில் விழுந்து கிடந்தது. கிள்ளானிலிருந்து உங்கள் அக்கா குடும்பத்தோடு வந்திருந்தார். அத்தனை பேர் முன்னாலும் அத்தை சொன்னார்: "இவ காலெடுத்து வெச்ச நாள்ல இருந்து இந்த வாசல்ல எத்தன உசுரு போச்சு? வயித்துல புள்ளய வெச்சிக்கிட்டு இருக்கா. இது நல்லதுக்கா?" சாயங்காலம் சாமி பார்க்கிறவரிடம் போய்விட்டு வந்தார். பிள்ளை பிறக்கும்வரை நான் அந்த வீட்டில் இருக்கக் கூடாதாம். நீங்கள் தலையைக் குனிந்து தோசையைப் பிய்த்துக்கொண்டிருந்தீர்கள். அப்புறம் என் பையைத் தூக்கிக் காரில் வைத்தீர்கள். "கொஞ்ச நாளைக்குத்தான லா" என்றீர்கள்.

புது வீடும் புது மருமகளும் ஒரே மாதத்தில் வந்தோம். ஆனால் பழி ஒருத்திக்குத்தான். அந்த வீட்டில் இரண்டு மாடிக்கும் முன்பக்கம் முழுக்க நீங்கள் போட்ட கண்ணாடி. வெளியே நின்றால் உள்ளே ஒன்றும் தெரியாது. வானமும் எதிரே இருக்கும் செம்பனை மரங்களும்தான் அதில் தெரியும். வாடிக்கையாளர்களைக் கூட்டி வந்து பெருமையாகக் காட்டுவீர்களே, அதே கண்ணாடி. அதில் பறவை ஏன் மோதுகிறது என்று அங்கே உட்கார்ந்திருந்தவர்களில் யாருக்காவது தெரிந்திருக்க வேண்டுமென்றால் அது உங்களுக்குத்தான்.

ஒரே கேள்வி. அந்தப் புறா என்னால் செத்ததா, கண்ணாடியால் செத்ததா? பதில் எழுதுங்கள்.

குமுதா


கோலா சிலாங்கூர்
20.9.2025

அன்புள்ள குமு,

கல்யாணத்துக்கு முன்னால்கூட நான் யாருக்கும் கடிதம் எழுதியதில்லை. பில் எழுதித்தான் பழக்கம். தப்பு இருந்தால் சிரிக்காதே. ஒழுங்காகச் சாப்பிடு. போன முறை டாக்டர் ரத்தம் குறைவு என்று சொன்னது ஞாபகம் இருக்கட்டும்.

நீ கேட்டதற்கு எப்படிப் பதில் சொல்வது என்று தெரியவில்லை. நான் எதை எழுதினாலும் நீ ஒரு பக்கமும் அம்மா ஒரு பக்கமும் பிடித்து இழுப்பீர்கள். அம்மா பொல்லாதவர் இல்லை. அப்பா இறந்த வாரம் எங்கள் பழைய வீட்டுக்குள் ஒரு பறவை வந்து சுவரில் மோதிச் செத்தது. அன்றிலிருந்து அவருக்கு அந்தப் பயம். பேரப்பிள்ளை நல்லபடியாகப் பிறக்க வேண்டும் என்றுதான் துடிக்கிறார்.

ஒன்று சொல்கிறேன், கோபப்படாமல் படி. நீ போன பிறகு ஒரு பறவைகூட விழவில்லை. அம்மா பக்கம் சாய்ந்து இதை எழுதவில்லை. நான் காலையில் கடைக்குக் கிளம்பும்போது வாசலைப் பார்க்கிறேன், சுத்தமாக இருக்கிறது. நானும் சும்மா இருக்கவில்லை. கழுகு படம் போட்ட ஸ்டிக்கர் ஒன்று வாங்கி நடுக் கண்ணாடியில் ஒட்டியிருக்கிறேன். அம்மா திருஷ்டிப் பூசணி கட்டியிருக்கிறார். கண்படக் கூடாதென்று மெரூன் கலரில் கனமான திரை வாங்கி இரண்டு மாடியிலும் இழுத்து மூடியே வைத்திருக்கிறார். எதனால் நின்றதோ, எனக்குத் தெரியாது.

இன்னொன்று. ஆற்றோரம் கட்டுகிற ரிசார்ட்டுக்குக் கண்ணாடி வேலை கேட்டிருந்தேனே, அந்த முதலாளி தீபாவளி கழித்து நம் வீட்டைப் பார்க்க வருகிறார். இது கிடைத்தால் கடை நிமிர்ந்துவிடும். அதுவரை கொஞ்சம் பொறுத்துக்கொள், குமு. உனக்கும் உன் அம்மா வீட்டில் ஓய்வுதானே.

விமலன்


அசாம் ஜாவா
28.9.2025

விமலன்,

ஓய்வு என்று எழுதியிருக்கிறீர்கள். காலையில் பாசாருக்குப் போனால் "என்னா குமுதா, அதுக்குள்ள அம்மா ஊட்டுக்கு வந்துட்ட?" என்று மீன் விற்கிறவர்கூடக் கேட்கிறார். ஏழு மாத வயிற்றைத் தூக்கிக்கொண்டு நான் சிரிக்கிறேன். இதுதான் என் ஓய்வு.

பறவையே விழவில்லையா? நான் வரும்போது என் பையில் துணிதான் இருந்தது. கண்ணாடியை நான் எடுத்து வரவில்லை. நான் கிளம்பிவிட்டேன் என்று பறவைகளுக்கு யார் போய்ச் சொன்னது?

உங்கள் கடிதம் வந்த மறுநாள் நான் லேப் உதவியாளராக இருக்கும் பள்ளிக்கூடத்தில் உயிரியல் டீச்சர் சிக்கு ரொஹானாவைப் பிடித்துக் கேட்டேன். லேப்பில் சாமான் கழுவிக்கொண்டே கேட்டேன், அவர் வேலையை விட்டுவிட்டு உட்கார்ந்து சொன்னார். செப்டம்பரில் தொடங்கி வருஷக் கடைசி வரை வடக்கே குளிர் நாடுகளிலிருந்து பறவைகள் இந்தக் கடலோரமாக இறங்குகின்றனவாம். இரவெல்லாம் பறந்து களைத்து விடியும்போது மரம் தேடுமாம். கண்ணாடியில் மரம் தெரிந்தால் அதுவும் மரந்தான் அவற்றுக்கு. ஒற்றைக் கழுகு ஸ்டிக்கருக்கு எதுவும் பயப்படாதாம், அதைச் சுற்றிக்கொண்டு பக்கத்துக் கண்ணாடியில் மோதுமாம். உள்ளே அடர்ந்த நிறத்தில் திரை போட்டால் இன்னும் மோசம். வெளியே நிற்கிறவனுக்குக் கண்ணாடி முகம் பார்க்கிற கண்ணாடியாகவே ஆகிவிடும். இதை ஒரு கண்ணாடிக்காரருக்கு நான் சொல்ல வேண்டியிருக்கிறது!

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். நம் கல்யாணம் போன நவம்பரில். அந்த மாதம் பறவைகள் விழுந்தன. மே, ஜூன், ஜூலையில் நான் அதே வீட்டில்தான் இருந்தேன், அதே கால்தான், அபூர்வமாகத்தான் ஒன்று மோதியது. இப்போது செப்டம்பர், மறுபடி தொடங்கியது. என் ராசி மாதம் பார்த்தா வேலை செய்கிறது?

ஒரு பறவை வேகமாக மோதினால் இறக்கையில் இருக்கிற தூள் கண்ணாடியில் ஒட்டுமாம். கீழ்க் கண்ணாடியைத் துணியால் துடைத்துவிடலாம். மேல்மாடிக் கண்ணாடிக்கு அத்தையின் கை எட்டாது. காலை வெயில் சாய்வாக விழும்போது ஏணி போட்டு ஏறிப் பாருங்கள். பார்க்காமல் எனக்குக் கடிதம் எழுத வேண்டாம்.

குமுதா


கோலா சிலாங்கூர்
8.10.2025

குமு,

பார்த்தேன்.

மேல்மாடியில் நிறைய இருக்கின்றன. எண்ணத் தொடங்கி நிறுத்திவிட்டேன். மாவில் கை வைத்து எடுத்த மாதிரி சில. ஒன்றில் இறக்கை இரண்டும் விரிந்து, ஒவ்வோர் இறகும் தனித்தனியாகத் தெரிந்தது. இருபது வருஷமாகக் கண்ணாடி துடைக்கிறேன். எத்தனையோ வீட்டில் இந்தக் கறையைப் பார்த்து அழுக்கு என்று துடைத்திருப்பேன். 

மறுநாள் வழக்கத்தைவிட முன்னாலேயே எழுந்து ஜன்னல் ஓரம் நின்றேன். அம்மா வாசலுக்கு வந்தார். கையில் முறமும் ஒரு பழைய துணியும். வாசல் ஓரத்தில் எதையோ குனிந்து எடுத்தார். நீல இறக்கையும் வயிற்றில் சிவப்புமாக ஒரு சின்னப் பறவை. அப்படி ஒன்றை நான் இந்த ஊரில் பார்த்ததே இல்லை. துணியில் சுற்றி வீட்டுக்குப் பின்னால் வாழைக்கன்றுகளுக்குக் கீழே கொண்டுபோய்ப் புதைத்தார். திரும்பி வந்து கண்ணாடியைத் துடைத்தார். அவர் முகத்தைப் பார்த்தேன், குமு. அது திருட்டுத்தனம் இல்லை. பயந்து போயிருந்தார். உன்னை அனுப்பிய பிறகும் விழுகிறதே என்ற பயம்.

நான் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ. சத்தம் போடாமல் அறைக்கு வந்துவிட்டேன்.

நீ சொன்னதுதான் சரி. இனி என்ன, கிளம்பி வா. தீபாவளிக்கு இங்கே இரு. ரிசார்ட் முதலாளி வந்துபோனதும் கண்ணாடிக்கு உள்பக்கமாக ஏதாவது புள்ளி ஸ்டிக்கர் ஒட்டிவிடுகிறேன். வெளியிலிருந்து பார்த்தால் அசிங்கமாக இருக்கக் கூடாது, அதனால்தான் உள்பக்கம். அம்மாவிடம் நேரம் பார்த்து மெதுவாகச் சொல்கிறேன்.

விமலன்


அசாம் ஜாவா
22.10.2025

விமலன்,

தீபாவளிக்கு நான் வரவில்லை. நீங்கள் வந்து கால் மணி நேரம் உட்கார்ந்து, என் அப்பாவிடம் மழையைப் பற்றிப் பேசிவிட்டுப் போனீர்கள். அவர் முன்னால் சண்டை வேண்டாம் என்று நானும் பலகாரத் தட்டை நீட்டினேன்.

உங்கள் கடிதத்தைப் படித்தபோது சந்தோஷப்பட வேண்டும் என்றுதான் நினைத்தேன். முடியவில்லை. ஏணி ஏறிக் கறையைப் பார்த்த பிறகு நான் சொன்னது சரி என்று எழுதுகிறீர்கள். அந்தக் கறை இல்லாமல் இருந்திருந்தால்? மழை பெய்து கழுவியிருந்தால்? என்னைப் பற்றிப் பறவைகள்தான் வந்து சாட்சி சொல்ல வேண்டுமா? அத்தை புதைப்பதைப் பார்த்தீர்கள், பேசாமல் அறைக்குப் போனீர்கள். அன்றைக்குத் தோசை, இன்றைக்கு அறை. எனக்கு அழுகையாக வருகிறது.

முதலில் வேலையைச் சொல்லிவிடுகிறேன். உள்பக்கம் ஒட்டினால் பிரயோஜனம் இல்லை. மரமும் வானமும் தெரிவது கண்ணாடியின் வெளிமுகத்தில். புள்ளியோ கயிறோ வெளியேதான் இருக்க வேண்டும். உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கயிறு, மேலிருந்து கீழ்வரை, விளிம்பு விடாமல். அதைவிட இடைவெளி இருந்தால் உள்ளே நுழையலாம் என்று பறவை நினைத்துவிடும். திரையைத் திறந்து விடுங்கள். சிக்கு ரொஹானா படம் வரைந்து கொடுத்தார், இத்துடன் வைத்திருக்கிறேன்.

இப்போது என் கேள்வி. போன முறை கேட்டதைவிடக் கஷ்டமானது. நீங்கள் கயிறு கட்டி, பறவை விழுவது நின்றுவிட்டால் அத்தை என்ன சொல்வார்? "பாத்தியா, அவ இல்ல, நின்னுபோச்சு" என்பார். சரி, நான் வந்த பிறகு ஒன்று மோதினால்? சமையலறை ஜன்னலிலோ, காரின் கண்ணாடியிலோ? மோதாது என்று எழுதாதீர்கள். கண்ணாடி இல்லாத வீடு எங்கே இருக்கிறது? அந்த நாள் எல்லார் கண்ணும் என் வயிற்றைப் பார்க்கும்போது நீங்கள் என்ன சொல்வீர்கள்?

வளைகாப்பு நவம்பர் ஒன்பது, ஞாயிறு. இங்கே கோயில் மண்டபத்தில்தான். அத்தையை முறையாக அழைக்க என் அம்மா வருவார். அத்தையை வரச் சொல்லுங்கள்.

குமுதா


கோலா சிலாங்கூர்
1.11.2025

குமு,

கயிறு கட்டிவிட்டேன். மெல்லிய கறுப்பு நைலோன் கயிறு, இரண்டு மாடிக்கும், வெளியே, உள்ளங்கை அகலத்தில். ரிசார்ட் முதலாளி வருவதற்கு முதல் நாளே கட்டினேன். அவர் வந்து தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். "இது வீடா, கூண்டா?" என்று சிரித்தார். ஏன் கட்டினேன் என்று விளக்கினேன். பறவை பார்க்கத்தான் அவருடைய ரிசார்ட்டுக்கு ஆட்கள் வரப்போகிறார்கள் என்பதையும் சொன்னேன். யோசித்துச் சொல்கிறேன் என்று போனார். இன்னும் சொல்லவில்லை. எனக்கு நம்பிக்கை இல்லை.

திரையையும் திறந்துவிட்டேன். அம்மா என்னோடு இரண்டு நாள் பேசவில்லை. நான் தினமும் விடியும்போது எழுந்து வாசலுக்கு அவருக்கு முன்னால் போகிறேன். அதன் பிறகு ஒன்றும் விழவில்லை. ஒரு குருவி கயிற்றுக்குப் பக்கத்தில் வந்து திரும்பிப் போனதை நானே பார்த்தேன்.

நீ எழுதியதையே அம்மா சொன்னார், ஒரு சொல் மாறாமல். "பாத்தியாடா, அவ இல்ல, ஒன்னும் விழல." எனக்குக் கோபம் வந்தது. வாயைத் திறந்தேன். "பேரப்புள்ளக்கு ஒன்னு ஆச்சுன்னா நான் உசுரோட இருக்க மாட்டேன்" என்று அழத் தொடங்கிவிட்டார். திறந்த வாயை மூடிக்கொண்டேன். நீ திட்டினாலும் பரவாயில்லை, நடந்ததை எழுதுகிறேன்.

உன் கேள்விக்கு அழகாக நாலு வரி எழுதலாம். நீ நம்ப மாட்டாய். நானாக இருந்தாலும் நம்ப மாட்டேன்.

அம்மா வளைகாப்புக்கு வருகிறார். அக்காவும் வருகிறார்.

விமலன்


அசாம் ஜாவா
10.11.2025

விமலன்,

நேற்று உங்களோடு ஐந்து நிமிடம் தனியாகப் பேச முடியவில்லை. ஆட்கள் அவ்வளவு. மனையில் உட்கார்ந்திருந்த எனக்கு அங்கே நடந்தது எப்படி இருந்தது என்பதை உங்களுக்குச் சொல்லியே ஆக வேண்டும்.

அத்தை அப்போதுதான் வளையலைக் கையில் எடுத்திருந்தார். என் கையைப் பிடித்தார். அவர் விரல்கள் சில்லென்று இருந்தன. அந்த நேரத்தில் மண்டபத்தின் கண்ணாடிக் கதவில் டொப்பென்று சத்தம். யாரும் எழுந்து பார்க்கவே இல்லை, எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. உங்கள் அக்கா "ஐயோ, இங்கயுமா" என்றார். அத்தை என் கையை விட்டுவிட்டார். என் அம்மா மஞ்சள் கிண்ணத்தோடு அப்படியே நின்றார். குழந்தை வயிற்றில் உதைத்தது. நான் பறவையைப் பார்க்கவில்லை. உங்களைத்தான் பார்த்தேன். இப்போதும் பேசாமல் இருந்தால் இந்த மனிதரோடு இனி ஒரு நாளும் இல்லை என்று முடிவு செய்துகொண்டு பார்த்தேன். இதை மறைக்காமல் சொல்கிறேன்.

நீங்கள் எழுந்து வெளியே போனீர்கள். அதை உங்கள் தோள் துண்டில் எடுத்துக்கொண்டு உள்ளேயே வந்தீர்கள். ஒரு மீன்கொத்தி, வாய் திறந்திருந்தது. வளையல் வந்த அட்டைப் பெட்டியைக் காலி செய்து அதற்குள் வைத்து மூடினீர்கள். அப்புறம் சொன்னீர்கள். உங்கள் குரல் கடைசி வரிசை வரை கேட்டது.

"இந்தக் கதவு நான் போட்டது. எங்க வீட்டுக் கண்ணாடியும் நான் போட்டதுதான். குருவிக்குக் கண்ணாடி தெரியாது, அதுல தெரியிற மரந்தான் தெரியும். வேகமா வந்து மோதுது, சாவுது. எம் பொண்டாட்டி என்னா செஞ்சா? பழி சொல்றவங்க இனிமே என்னயச் சொல்லுங்க."

அத்தை "டேய்" என்றார். நீங்கள் நிறுத்தவில்லை. "அம்மா, குமுதா போன பெறவு வாழக்கன்னுக்குக் கீழ எத்தன பொதச்சீங்க? நீங்களே சொல்லுங்க" என்றீர்கள்.

அத்தை வளையலைத் தட்டில் வைத்துவிட்டு எழுந்து போனார். அக்காவும் பின்னால் போனார். வாசலில் கார் கிளம்பும் சத்தம் கேட்டது. நீங்கள் போகவில்லை. என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தீர்கள்.

அந்தக் கடைசிக் கேள்வியை அத்தனை பேர் முன்னால் கேட்டிருக்க வேண்டாம் என்று எனக்குத் தோன்றியது. தோன்றினாலும் என் நெஞ்சில் இருந்த கல் இறங்கியது. இரண்டும் உண்மை.

மீன்கொத்தி பிழைக்கவில்லை. பெட்டியைத் திறந்தபோது விறைத்துவிட்டிருந்தது. ஆனால் கவனித்தீர்களா, சாப்பிட்டுப் போகும்போது ஆட்கள் என் வயிற்றைப் பார்க்கவில்லை. ஒவ்வொருவராக நின்று அந்தக் கதவைப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

குமுதா


கோலா சிலாங்கூர்
14.11.2025

அன்புள்ள குமு,

நேற்று போய் மண்டபக் கதவுக்கும் கயிறு கட்டிவிட்டேன். கோயில் தலைவரிடம் அனுமதி கேட்டேன். "ஏன் தம்பி முன்னாலயே கட்டல?" என்றார். ஏணியைப் பிடிக்கச் சொன்னேன்.

அம்மா கிள்ளானில் அக்கா வீட்டில் இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமையே நேராக அங்கே போய்விட்டார். போன் செய்தேன், அக்காதான் எடுத்தார். "அவ அந்த ஊட்டுக்கு வந்தா நான் அங்க வர மாட்டேன்னு அம்மா சொல்றாங்க. யாரு வேணும்னு நீயே முடிவு பண்ணிக்க" என்றார். எனக்குக் கஷ்டமாகத்தான் இருக்கிறது. அப்பா போன பிறகு அவருக்கு மகன் என்று நான் ஒருவன்தான். ஆனால் முடிவு செய்துவிட்டேன். நீதான் வர வேண்டும். அம்மா அங்கேயே இருக்கட்டும், மாதத்துக்கு ஒரு தடவை நான் போய்ப் பார்க்கிறேன்.

ரிசார்ட் வேலை கிடைக்கவில்லை. ஷா ஆலாமில் ஒரு கடைக்குப் போய்விட்டதாம். போகட்டும். கயிறு கட்டித் தருவாயா என்று சுங்கை புரோங்கில் சுற்றுலா வருகிறவர்களுக்கு வீட்டை வாடகைக்கு விடும் ஒரு ஹோம்ஸ்தேக்காரர் கேட்டிருக்கிறார். சின்ன வேலைதான்.

அடுத்த வெள்ளிக்கிழமை லோரியை எடுத்துக்கொண்டு வருகிறேன். தொட்டில், உன் சாமான் எல்லாவற்றையும் ஏற்றிக்கொள்ளலாம். வீடு காலியாக இருக்கிறது. யாரும் உன்னை ஒரு சொல் சொல்ல மாட்டார்கள்.

விமலன்


அசாம் ஜாவா
17.11.2025

அன்புள்ள விமலன்,

லோரியை அசாம் ஜாவாவுக்குக் கொண்டுவர வேண்டாம். காரை எடுத்துக்கொண்டு முதலில் கிள்ளானுக்குப் போங்கள். அத்தையைக் கூட்டிக்கொண்டு வாருங்கள். அவர் வந்த பிறகுதான் நான் வருவேன். வர மாட்டேன் என்பார், அழுவார். வாசலில் உட்கார்ந்து காத்திருங்கள். வாழைக்கன்று விஷயத்தை ஊர் முன்னால் கேட்டதற்கு மன்னிப்பும் கேளுங்கள், அதற்கு மட்டும்.

நான் பெரிய மனசுக்காரி என்று நினைக்க வேண்டாம். எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை, சீக்கிரம் தீராது. அவர் கிள்ளானில் இருந்தால் என்ன நடக்கும் தெரியுமா? என் பிள்ளைக்கு ஒரு சளி பிடித்தாலும் "நான் அப்பவே சொன்னேன்ல" என்று அங்கே நாலு பேரிடம் சொல்லிக்கொண்டிருப்பார். நான் இல்லாத இடத்தில் என்னைப் பற்றிப் பேசினதெல்லாம் போதும். சொல்வதானால் என் எதிரே உட்கார்ந்து சொல்லட்டும். பதில் சொல்ல இப்போது அந்த வீட்டில் இரண்டு பேர் இருக்கிறோம்.

குமுதா